கடை மூடியது விசுவாசம் குறைந்ததாலா?

குமரி மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 43. வளைகுடாவில் ஓட்டல் சமையல்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். புத்தாண்டு இரவு ஆராதனையில் அவர் எடுத்த வாக்குத்தத்த அட்டையில், "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்ற வசனம் இருந்தது. இனி யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம் என்று ஆண்டவரே சொல்லிவிட்டார் என நம்பி, ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பேக்கரி திறந்தார். சேமிப்பு போக 8 லட்சம் முத்ரா கடன், மனைவியின் நகை, தெரிந்தவர் ஒருவரிடம் வட்டிக்கு வாங்கிய 3 லட்சம் என எல்லாம் அதில் போனது. திறப்பு நாளன்று சபையில் சாட்சியும் சொன்னார். முதல் சில மாதங்கள் நன்றாக ஓடியது. அப்புறம் எதிரிலேயே பெரிய பேக்கரி வந்தது, மாஸ்டர் அங்கே மாறிவிட்டார், விற்காத ரொட்டி தினமும் மிஞ்சியது. இரண்டரை வருடத்தில் கடையை மூடிவிட்டார்.

மூடுவதற்கு முன்பு, உபவாச ஜெபக் கூட்டத்தில் ஒரு ஊழியர், "விதை விதையுங்கள், 90 நாளில் திருப்பம் வரும்" என்று சொன்னாராம். கடன் வாங்கி 50,000 ரூபாய் காணிக்கை கொடுத்திருக்கிறார். திருப்பம் வரவில்லை. இப்போது அதே ஊழியர், விசுவாசம் குறைவு, இல்லையென்றால் மறைவான பாவம் ஏதோ இருக்கிறது, 21 நாள் உபவாசம் இருங்கள் என்கிறார். இவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. இதற்கிடையில் மார்த்தாண்டத்தில் ஒரு பேக்கரியில் மேற்பார்வையாளர் வேலை, மாதம் 24,000 ரூபாய் சம்பளத்தில் வந்திருக்கிறது. போனால் வாக்குத்தத்தத்தை நானே தள்ளிவிட்டதாகாதா என்று கேட்கிறார். வட்டிக் கடன் எவ்வளவு என்பது மனைவிக்குத் தெரியாது. மூன்று மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. கடிதம் இப்படி முடிகிறது: "ராத்திரி முழங்கால் போட்டால் 'ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும்' என்பதுதான் வாயில் வருகிறது. தோற்றுப்போனவன் ஜெபத்தை ஆண்டவர் கேட்பாரா, ஐயா?"

அன்புச் சகோதரரே,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். கடன், வேலை, ஊழியர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த இரவு ஜெபம்

உங்களை நேராகக் கேட்கிறேன். "எடுத்துக்கொள்ளும்" என்று சொல்லும்போது, களைத்துப்போய் அப்படிச் சொல்கிறீர்களா? அல்லது உயிரை விட வேண்டும் என்ற எண்ணமே வருகிறதா? எப்படி, எங்கே என்றெல்லாம் மனம் யோசித்துப் பார்த்திருக்கிறதா? அப்படி இருந்தால், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் முன்பே மனைவியிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. நிலைமை கைமீறுவதுபோல் இருந்தால் தனியாக இருக்க வேண்டாம், நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

எண்ணம் அந்த அளவுக்குப் போகவில்லை என்றாலும் இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்களுக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டும் தூரம்தான். மூன்று மாதத் தூக்கமின்மை, சாப்பாட்டில் பிடிப்பில்லாமை, "நான் எதற்கும் ஆகாதவன்" என்று ஓயாமல் ஓடும் நினைப்பு எல்லாம் சேர்ந்து வருவது பெரும்பாலும் மனச்சோர்வு நோயின் அடையாளம். அதற்கு மருந்தும் ஆலோசனையும் பலன் தரும். மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் இல்லையென்றாகும் என்று யாராவது சொன்னால், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவது பற்றியும் அவர்களைக் கேளுங்கள். பவுல் தன் நிருபத்தில் லூக்காவை "பிரியமான வைத்தியன்" என்றுதான் குறிப்பிடுகிறார். மிஷனரியான ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பாகாயத்தில் மனநல மையமே இருக்கிறது. ஜெபமும் மனநல சிகிச்சையும் அங்கே பல பத்தாண்டுகளாக ஒரே வளாகத்தில் நடக்கின்றன.

உங்கள் ஜெபத்தைப் பாவமாக எண்ணிக் கூனிக்குறுக வேண்டாம். எலியா அதையே ஜெபித்தார். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில், சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உன் விசுவாசம் எங்கே என்று கேட்கவும் இல்லை. தூங்க விட்டார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுத் திரும்பவும் படுத்தவரை மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேப் மலையில் ஆண்டவர் அவரோடு பேசியதெல்லாம் அதற்கப்புறம். உங்களுக்கும் முதலில் தேவைப்படுவது தூக்கமும் சாப்பாடும்தான்.

பேதுருவுக்காக இயேசு செய்த ஜெபம்

தோற்றவன் ஜெபத்தை ஆண்டவர் கேட்பாரா என்கிறீர்கள். லூக்கா 22-ஐத் திறந்து பாருங்கள். பேதுரு அன்றிரவே தவறப்போகிறார் என்று இயேசுவுக்குத் தெரியும். சேவல் கூவும் முன் மூன்று தரம் மறுதலிப்பாய் என்று சொல்லவும் செய்கிறார். அப்படித் தெரிந்தும் அவர் செய்த ஜெபம் என்ன? "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்." நீ தவறவே கூடாது என்று வேண்டிக்கொண்டதாக அங்கே இல்லை. தோல்வி வந்தது. நெருப்பண்டை நின்ற ஒரு வேலைக்காரிக்கு முன்னாலேயே பேதுரு விழுந்தார். ஆனாலும் அந்த ஜெபம் வீணாகவில்லை. வெளியே போய் மனங்கசந்து அழுதவர், மற்றச் சீஷர்களை விட்டு ஓடிவிடவில்லை. உயிர்த்தெழுந்த செய்தி வந்தபோது கல்லறைக்கு எழுந்து ஓடினார்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன், சகோதரரே. வியாபாரம் தோற்றதையும் விசுவாசம் தோற்றதையும் நீங்கள் ஒன்றாக்கிவிட்டீர்கள். கடை போனது உண்மை. ஆனால் கடை போன பிறகும் ராத்திரி முழங்கால் போடுகிறீர்களே! கசப்போடுதான், கேள்வியோடுதான், ஆனால் ஆண்டவரிடமேதான் பேசுகிறீர்கள். விசுவாசம் ஒழிந்துபோனவர் அப்படிச் செய்யமாட்டார். நம்பிக்கையோடு ஜெபித்தால் தோல்வி வராது என்பது நமக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம், வேதத்தின் பாடம் வேறு. பவுல் தன் மாம்சத்திலுள்ள முள் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே பாடுகளின் பாத்திரம் நீங்கும்படி கேட்டார், நீங்கவில்லை. இவர்களுக்கெல்லாம் விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்குத் துணிவு உண்டு?

மறைவான பாவம் பற்றிய பேச்சுக்கு ஒரே பதில் போதும். யோபுவின் சிநேகிதர்கள் அத்தியாயம் அத்தியாயமாகச் சொன்னதும் அதுதான். கடைசியில் கர்த்தருக்குக் கோபம் வந்தது யோபுவின்மேல் இல்லை, அந்தச் சிநேகிதர்கள்மேல். உங்கள் மனசாட்சி சுட்டிக்காட்டும் தவறு இருந்தால் அறிக்கை செய்யுங்கள், அது நல்லது. இல்லாத பாவத்தைத் தோண்டித் தோண்டித் தேடுவது மனச்சோர்வை இன்னும் ஆழமாக்கும்.

வாக்குத்தத்த அட்டையும் 90 நாளும்

நம் ஊர்ச் சபைகளில் வாக்குத்தத்த அட்டை எவ்வளவு பிரியமானது என்று எனக்குத் தெரியும். பைபிளுக்குள் அதைப் பத்திரமாக வைத்திருக்கும் தாய்மாரை நானும் மதிக்கிறேன். ஆனால் ஒரு வசனத்தைத் தனியே வெட்டி எடுத்து அதன்மேல் 8 லட்சம் கடன் வாங்குவது ஆபத்து. நீங்கள் எடுத்த வசனம் உபாகமம் 28:13. இஸ்ரவேல் ஜனம் முழுவதற்கும், கட்டளைகளைக் கைக்கொண்டால் என்ற நிபந்தனையோடு சொல்லப்பட்டது. அதற்கு முந்தின வசனத்தையும் வாசியுங்கள்: "நீயோ கடன் வாங்காதிருப்பாய்" என்கிறது. ஒருவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கலாமா, சொந்தக் கடை போடலாமா என்பது பற்றி அந்த அதிகாரம் எதுவும் பேசவில்லை. ஆகவே ஆண்டவர் வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றினார் என்ற வேதனையை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. உங்கள் பேக்கரி ஜெயிக்கும் என்று அவர் சொல்லவில்லை.

90 நாள் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். எரேமியா 28-இல் அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எழுந்து, பாபிலோன் ராஜா கொண்டுபோனதெல்லாம் இரண்டு வருடத்துக்குள் திரும்பி வரும் என்றான். ஜனங்களுக்கு அது இனித்திருக்கும். எரேமியாகூட "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார், அவருக்கும் அந்த ஆசைதான். ஆனால் கர்த்தர் அனனியாவை அனுப்பவில்லை. அடுத்த அதிகாரத்தில், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் இருக்கிறது. 70 வருடம் ஆகும், அதுவரை வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணிவையுங்கள் என்று எழுதுகிறார். நாம் சுவரில் மாட்டியிருக்கும் "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம் அந்தக் கடிதத்தில்தான் வருகிறது. எல்லாம் இழந்து, அந்நிய ஊரில், சீக்கிரம் திரும்ப வழியில்லாமல் இருந்தவர்களுக்குச் சொல்லப்பட்டது. யாராவது நாள் குறித்துத் திருப்பம் வரும் என்று சொன்னால், அதிலும் காணிக்கையோடு சேர்த்துச் சொன்னால், அனனியாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடன் வாங்கிக் காணிக்கை கொடுப்பதை ஆண்டவர் கேட்கவே இல்லை. ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும் என்பது 2 கொரிந்தியர் 8:12. அந்த 50,000 ரூபாயைத் திருப்பிக் கேட்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். கேட்பதில் தவறில்லை. உங்கள் நிலைமையைச் சொல்லி, சபை மூப்பர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, அமைதியாகக் கேளுங்கள். ஆனால் மனமுவந்து கொடுத்ததைச் சட்டப்படி மீட்பது கடினம். தராவிட்டால் அதன் பின்னால் அலைந்து இருக்கிற கொஞ்சத் தெம்பையும் இழக்காதீர்கள். அந்தக் கூட்டத்திலிருந்து கொஞ்ச நாள் விலகி, உங்கள் சபைப் போதகர் ஐயாவிடம் போய்ப் பேசுங்கள். உங்கள் கதையைக் கேட்டு உடனே வசனம் சொல்லாமல், முழுவதும் கேட்கிறவராக இருந்தால் அவரிடமே தொடர்ந்து போங்கள்.

21 நாள் உபவாசம் வேண்டாம். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால், மாத்திரையைப் பொறுத்து இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். வியர்வை, நடுக்கம், குழப்பம், மயக்கம் வரும். அந்த நேரத்தில் பைக் ஓட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? உபவாசத்துக்காக மாத்திரையை நிறுத்துவதும் அதே அளவு ஆபத்து. இந்த 21 நாள் என்பதே பெரும்பாலும் தானியேல் 10-ஐ வைத்துச் சொல்லப்படுவது. அங்கே தானியேல் மூன்று வாரம் ருசிகரமான அப்பம், இறைச்சி, திராட்சரசம் ஆகியவற்றைத்தான் விட்டார். பட்டினி கிடந்ததாகச் சொல்லப்படவில்லை. ஏதாவது விட்டே ஆக வேண்டும் என்று மனம் கேட்டால், ராத்திரியில் போனில் அற்புதச் சாட்சி வீடியோக்கள் பார்ப்பதை விடுங்கள். அவை உங்களுக்கு இப்போது ஆறுதலைவிடக் குற்ற உணர்வையே கூட்டுகின்றன.

கடன்

கடன் திருப்ப முடியாமல் போவது அதனளவில் குற்றம் இல்லை, சிவில் விவகாரம். போலீஸ் பிடித்துப் போகும் என்ற பயத்தை விடுங்கள். ஆனால் ஒரு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. வட்டிக்குக் கொடுத்தவரிடம் கையெழுத்துப் போட்ட காசோலை கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை வங்கியில் போட்டு, பணமில்லை என்று திரும்பினால், செலாவணி முறிச் சட்டம் 138-ஆம் பிரிவின்கீழ் அது குற்ற வழக்காகலாம். வக்கீல் நோட்டீஸ் வந்தால் கைக்குக் கிடைத்த 15 நாளுக்குள் பணம் செலுத்த வேண்டும் என்பது விதி. அதனால் நோட்டீஸை வாங்காமல் இருக்கவோ, பைபிளுக்குள் மடித்து வைத்துவிட்டு ஜெபித்துக்கொண்டிருக்கவோ கூடாது. அன்றைக்கே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். 15100 என்பது இலவச சட்ட உதவி எண். நாகர்கோவிலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் கேட்கலாம்.

அநியாய வட்டி கேட்டு மிரட்டினால், 2003-ஆம் வருடத்துத் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. இதுவரை கட்டிய வட்டியைத் தேதி வாரியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். இனிமேல் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

முத்ரா கடன் பிணையம் இல்லாமல் தரப்படுவது. நீங்கள் அடமானம் வைக்காத வீட்டை வங்கி தானாக எடுத்துக்கொள்ள முடியாது, நீதிமன்றம் போய்த்தான் எதுவும் செய்ய முடியும். ஆனால் அந்தப் பணத்தில் வாங்கிய ஓவனும் மெஷினும் வங்கிக்கு ஈடாக இருக்கும், கேட்காமல் விற்றால் சிக்கல். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வாராக்கடனாகிவிடும். மேலாளர் கூப்பிடும்வரை காத்திருக்காமல் நீங்களே போய், கடையை மூடியதை எழுத்தில் கொடுத்து, தவணையை மாற்றி அமைக்கக் கேளுங்கள். மெஷினை அவர்கள் சம்மதத்தோடு விற்றுக் கடனைக் குறைப்பது நல்ல வழி. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

இதையெல்லாம் தனியாகச் செய்ய முயலாதீர்கள். மனைவிக்கு முழுக் கணக்கும் தெரிய வேண்டும். அவர் நகை போயிருக்கிறது, அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. பிள்ளைகள் தூங்கிய பிறகு, எல்லாத் தாளையும் எடுத்து வைத்து, ஒரே தடவையில் முழுத் தொகையையும் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னால் ஒவ்வொரு முறையும் நம்பிக்கை உடையும். அவர் கோபப்படுவார், அழுவார். உடனே "ஜெபிக்கலாம் வா" என்று அதை மூடிவிடாதீர்கள். பேசி முடித்த பிறகு சேர்ந்து ஜெபியுங்கள்.

மார்த்தாண்டம் வேலை

போங்கள். வேலைக்குப் போவது அவிசுவாசம் இல்லை. கொரிந்துவில் பவுல் ஆக்கில்லாவோடு சேர்ந்து கூடாரம் தைத்துச் சம்பாதித்துக்கொண்டேதான் பிரசங்கித்தார். இந்த 24,000 ரூபாய் வீட்டுச் செலவுக்கு ஆகும், வட்டிக்காரரிடம் பேச ஒரு பிடி கிடைக்கும், காலையில் எழுந்து போக ஓர் இடமும் இருக்கும். மனச்சோர்விலிருந்து மீள்கிறவர்களுக்கு அந்தக் கடைசி விஷயம் மிக முக்கியம். மிச்சமிருக்கும் நகையை வைத்து வேறு இடத்தில் மறுபடி கடை போடலாம் என்ற யோசனையை இப்போதைக்கு மூடி வையுங்கள். தினக்கணக்கு எழுதவில்லை, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றிருந்தேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று கேட்டவர் இயேசுதான். வட்டிக் கடன் தீர்ந்து, அந்தப் பேக்கரியில் மாவு, கரண்ட், கூலி, மிஞ்சி வரும் சரக்கு எல்லாம் எப்படிக் கணக்கு வைக்கிறார்கள் என்று ஒரு வருடம் பார்த்த பிறகு, சொந்தக் கடையைப் பற்றி மனைவியோடு பேசலாம்.

சாட்சி சொன்ன சபையில் எப்படி முகம் காட்டுவது என்ற உங்கள் கூச்சம் எனக்குப் புரிகிறது. நம் சபைகளில் மைக் ஜெயித்தவர்கள் கைக்குத்தான் போகிறது. கடை திறந்தவருக்கு உண்டு, மூடியவருக்கு இல்லை. இது மாற வேண்டும் என்று போதகர்களிடம் நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்கள் இப்போது யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். கேட்டால், "கடையை மூடிட்டேன், மார்த்தாண்டத்துல வேலை, ஜெபிச்சுக்கோங்க" என்றால் போதும். பின் வரிசையில் உட்கார்ந்து வரவேண்டுமானால் அப்படியே வாருங்கள்.

ஜெபிக்க வார்த்தை வராத ராத்திரிகளில் 88-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். ஆறுதல் வரி ஒன்றும் இல்லாமலே முடிகிற சங்கீதம் அது, ஆனாலும் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் தொடங்குகிறது. மனைவிக்கு விஷயம் தெரிந்த பிறகு இருவருமாக வாசியுங்கள். பத்து நிமிடம் போதும். அப்புறம் விளக்கை அணைத்துப் படுங்கள்.

மருத்துவரைப் பார்த்தபின் எனக்கு எழுதுங்கள். நகைக்கடன் சீட்டில் கெடு என்றைக்கு என்று கடிதத்தில் இல்லை, ஏலத்துக்குப் போகும் முன் வட்டியை மட்டுமாவது கட்டிப் புதுப்பிக்க முடியுமா என்று நாளைக்கே கேட்டு, அதையும் எழுதுங்கள்.